மேடத்தின் நெஞ்சு அமைதியாக இருக்கிறது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, குவைத்திலிருந்து தவமணி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் இருமல் விட்டதா? றக்வானையில் மழை குறைந்ததா?

இங்கே நான் வேலை செய்கிற வீட்டு மேடத்தின் நெஞ்சுக்குள் ஒரு மெஷின் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கட்டிலருகே உள்ள பெட்டி அவள் நெஞ்சுத் துடிப்பை டெலிபோன் வழியாக ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும்.

போன வாரம் அவள் கத்தியபோது, தேயிலைத் தோட்டத்துத் துரை முன்னால் நிற்கிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். அடிக்க வருகிறேன் என்று நினைத்து, அந்த விளங்காதவள் இரும்புக் கரண்டியால் என் முழங்கையை விளாசினாள். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மலையாளத்து நர்ஸ் போன் எடுத்து, மேடத்தின் நெஞ்சு ஏன் அப்படி ஓடியது என்று கேட்டாள்.

"என்னையப் போட்டு அடிச்சாங்க" என்றேன்.

டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டு, இனிமேல் கை ஓங்கக் கூடாது என்று கண்டித்தார். அவளும் ஓங்குவதில்லை. அவள் மகன் பெல்ட்டால் அடிக்கிறான். அவள் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் அம்மாவுக்கு வாசிக்கும்போது இதை விட்டுவிடுங்கள்.

முழுக்கைச் சட்டை இரண்டும் தைலமும் அனுப்புங்கள். கடிதத்தை வாங்கிப்போக டிரைவர் கீழே நிற்கிறார்.

நேற்றும் நர்ஸ் பேசினாள். மேடத்தின் நெஞ்சு இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறதாம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று என்னைப் பாராட்டினாள்.

உங்கள் தவமணி