சங்கு ஊதாத வெடி

இன்று மத்தியானம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சங்கு ஊதி, பிறகு வெடி வைத்தார்கள். டீக்கடை பெஞ்சு அதிர்ந்தது. உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

அன்றைக்கு அரியலூரிலிருந்து உன் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கிய நேரம். வானத்தில் பச்சையாக ஒரு நெருப்புருண்டை இறங்கியது. நம் நிழல் ரோட்டில் தானாக நகர்ந்தது. நீ வண்டியை நிறுத்துவதற்குள் அது உடைந்து அணைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை.

ஊரில் சொன்னோம். சுரங்க வெடி என்றார்கள். சங்கு ஊதாமல், அதுவும் விளக்கு வைத்த பிறகு, என்றைக்கு வெடி வைத்திருக்கிறார்கள்? பிறந்ததிலிருந்து அந்தச் சங்கைக் கேட்கும் ஜனம் தெரிந்தேதான் அப்படிச் சொன்னது. நாம் குடித்துவிட்டு வந்ததாகக் கிளப்பிவிட்டவன் உன் மச்சினன்.

"வானத்துக் கல்லு விழுந்திருக்கும் மாப்ள. ஒண்ணைக் கொண்டாந்து போட்டுட்டா இவனுங்க வாயை மூடிக்குவானுங்க" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தோம். கேட்ட இடத்திலெல்லாம் கைகாட்டினார்கள், ஒருத்தரும் பார்த்தவரில்லை. திருமழபாடியில் ஒரு பெரிய மனிதர், கொள்ளிடத்துக்கு அக்கரையில் விழுந்ததைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். அதற்கும் நீ அக்கரைக்குப் போனாய்.

வெள்ளை மண்ணில் கறுப்புக் கல் தப்பாமல் தெரியும் என்பது உன் கணக்கு. தெரிந்தது. சிமெண்டு ஆலையில் வெந்து, லாரியிலிருந்து சிந்திய கிளிங்கர் கட்டிகள். ஆலத்தியூர் ஆலைக்கு வருஷக்கணக்கில் லாரியில் லோடு அடித்த உனக்கா அது தெரியாது? ஆசை வந்தால் டிரைவருக்கும் கண் அவிந்துவிடும் போலிருக்கிறது. நாம் கட்டிகளைப் போட்டுக் கொண்டுபோன பையைத் திருச்சி காலேஜ் வாத்தியார் பிரிக்காமலே, "கிளிங்கர்ங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார். இருந்தாலும் பிரித்துப் பார்த்திருக்கலாம், அந்தத் துரை.

போன தையில் நெஞ்சுவலியில் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட, நீ சேர்த்த கல்லையெல்லாம் வாசல் பள்ளத்தில் கொட்டி நிரவினான் உன் மச்சினன்.

இன்று வெடி அடங்கியதும் அவன் டீக்கடையில் ஒரு வெளியூர் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க மாமா, வானத்துலேருந்து பச்சை நெருப்பு எறங்கினதைப் பாத்தவரு. நானும் கூடத்தாங்க இருந்தேன்."

அவனோடு என்ன பேச்சு? இந்த வாயை மூடவா அத்தனை வெயிலில் குனிந்து நடந்தாய் என்று உன்மேல்தான் கோபம் வந்தது. அந்த வண்டியில் இருந்தது நாம் இரண்டு பேர். இப்போது நான் ஒருத்தன்தான்.