காலியாக விட முடியாத கட்டம்

பிட்ஸ்பர்க்,
பிப்ரவரி 9

மதிப்புக்குரிய அட்ராக்டா அக்காவுக்கு,

நம் ஊர் மேயோவில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா? நான் சுகம்.

மனிதர்கள் கணினியோடு படும் பாட்டை ஆராயும் இந்தப் பல்கலைக்கழக நிலையத்தில் எனக்கு வரவேற்பு மேசை வேலைதான். செவ்வாயன்று சோதனைக்கு வரவேண்டிய முதியவர் வராததால், ஆய்வு மாணவி மரிசா என்னை உட்கார வைத்தாள். முதியவர்களுக்கான புதிய கைப்பேசி. மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரையைத் தொட வேண்டும். இங்கே அதுதான் முறை. கன்னியர் மடத்தில் வளர்ந்த நான் வாயைத் திறக்கவில்லை.

“ஏதாவது பேசுங்க மேடம். திட்டினாக்கூடப் பரவாயில்ல!”

“இந்த எழுத்த எறும்புதான் படிக்கும்” என்றேன். சிரித்தாள்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு கட்டம் வந்தது. விரல் தானாக என் வீட்டுக்காரர் டெஸ்மண்டின் எண்ணை அடித்தது. அவரை அடக்கம் செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது திரை. அழித்தேன். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக மறுத்தது.

“தப்பு உங்க மேல இல்ல மேடம். நாங்க சோதிக்கிறது திரையத்தான், உங்கள இல்ல.”

வருகிறவர்களிடம் தினமும் நானே சொல்லும் வாக்கியம் அது. கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவலை வேண்டாம். மாதக் கடைசியில் அதே சோதனைக்கு மறுபடி உட்கார வேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உங்கள் புதிய தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஏழும் ஒன்றும் குழம்பாமல், தெளிவாக.

தபால்காரர் வந்துவிட்டார்.

தங்கை,
ஃபிலோமினா