நூறு வெள்ளையணுக்கள்

1985 ஜூன் 10, திங்கள்

மழை. மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு அரை மணி தாமதம். எர்ணாகுளம் ஆஸ்பத்திரி லேபில் நுழையும்போது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

இதய வார்டில் நேற்று ஒருவர் இறந்துவிட்டார். வால்வு ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்ததாம். மூன்றாம் நாள் இப்படி. அவருடைய ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துத் தரச் சொன்னார்கள். எடுத்தபோது, ஆபரேஷனுக்கு முந்தின நாள் மைக்ராஸ்கோப்பில் நானே எண்ணியது கண்ணில் பட்டது. நூறு வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்கிற வகை 86, லிம்ஃபோசைட் என்கிற வகை 9. நல்ல உடம்பில் அறுபதும் முப்பதுமாக இருக்கும். இதே மாதிரி ஒன்றை அண்மையில் எண்ணிய ஞாபகம். பதிவேட்டைப் புரட்டினேன். ஏப்ரலில் ஒரு பெண்: 84, 10. அவளும் வீடு திரும்பவில்லை.

தற்செயலா?

ஜூன் 12, புதன்

தற்செயல் இல்லை! இல்லவே இல்லை!

இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றரை வருஷப் பதிவேட்டையும் இதய வார்டு ரெக்கார்டையும் பார்த்து முடித்தேன். இதய ஆபரேஷன் ஆனவர்கள் 57 பேர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தேன். ஐந்துக்கு மேல் வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் இறந்தார்கள், அல்லது வாரக்கணக்கில் திண்டாடினார்கள். மீதி நாற்பத்தாறு பேரில் அப்படி ஆனது நாலே பேர்தான்.

இவ்வளவு நாளும் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது — நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு!

ஜூன் 13, வியாழன்

லேப் தலைவர் வாஞ்சிநாதன் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. "கனகம், எண்ணறது நம்ம ஜோலி. கீறறது அவா ஜோலி. நடுவுல ஜோசியம் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் ராமபத்ரனிடம் கொட்டித் தீர்த்தேன். மிளகு கம்பெனியில் சரக்குப் பார்த்துத் தரம் சொல்கிற மனிதர், என்ன சொல்வார்? "ஆரு செத்தா, ஆரு பொழச்சான்னு தெரிஞ்சுண்டுதானே நீ வகுத்துப் பாத்தாய்? சாக்கைக் கொட்டினப்பறம் பதர் இருக்குன்னு ஆரும் சொல்லுவா. கொட்டறதுக்கு முன்னாடி சொல்லு."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்வது சரி. சரியேதான்!

ஜூலை 1, திங்கள்

தொடங்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்பே என் கணிப்பை எழுதிக் கவரில் ஒட்டி இவரிடம் கொடுத்துவிடுவது. இவர் அதன்மேல் தேதி போட்டு ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிடுவார். இன்று முதல் கவர்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பன்னிரண்டாவது கவர். பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. "கூடாது" என்கிறார் ராமபத்ரன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பிரித்தோம். பத்தொன்பது கவர்கள், சாப்பாட்டு மேஜை முழுக்க. 'ஆபத்து' என்று நான் எழுதியது நாலு. அதில் மூன்று பேர் மோசமாகத்தான் போனார்கள். மற்ற பதினைந்தில் ஒருவர்தான். ராமபத்ரன் இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கனகம்!" என்றார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சும்மா நின்றேன். சிரிப்பா அழுகையா, எனக்கே தெரியவில்லை.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். அந்த நாலில் தப்பித்த ஆள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். பத்தாம் நாள் அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனதைக் கேட்டபோது எனக்கு ஒரு நொடி ஏமாற்றம். சீ! என்ன மனசு இது?

டாக்டர் பௌலோஸிடம் காட்ட வேண்டும். ஆபரேஷன் செய்கிறவர் அவர்தான். "ஏதானாலும் என் வழியாப் போனாப் போறும்" என்கிறார் வாஞ்சிநாதன் சார்.

அக்டோபர் 8, செவ்வாய்

முப்பிடாதி. இருபத்தாறு வயது. புருஷன் சங்கிலிப்பாண்டி எங்கள் கடைத்தெருவில் சாக்கு சுமக்கிறவன். தென்காசிப் பக்கத்து ஜனம். வால்வு சுருங்கி மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறாள். நாளை மறுநாள் ஆபரேஷன்.

88, 7.

வேறு ஸ்லைடு போட்டு மறுபடியும் எண்ணினேன். 87, 8.

இதையும் கவரில் போட்டு ஒட்டப்போகிறேனா? ஒட்டினால் நான் யார்? அந்த நாலு பேருக்கு அப்போதே வாயைத் திறந்திருந்தால்?

அக்டோபர் 9, புதன்

யார் வழியாகவும் போகவில்லை. வராந்தாவில் டாக்டர் பௌலோஸை வழிமறித்தேன். காகிதத்தை நீட்டினேன்.

"எத்தனை பேஷண்ட்?"

"எழுபத்தாறு சார். பத்தொன்பது, முன்கூட்டியே எழுதி வச்சது."

"காரணம் எந்தா?"

"தெரியாது சார். ஒடம்பு எதோடயோ சண்டை போட்டுண்டிருக்கு. எதோடன்னு ரத்தம் சொல்லலை."

"அது ஞான் நோக்காம்" என்று, தானே பார்த்துவிட நேரே வார்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். காய்ச்சல் இல்லை. நெஞ்சில் சளி இல்லை. காது, தொண்டை — கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்க் கடைவாய்ப்பல். ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ்.

"சொத்தப்பல்லுதான சார், கிராம்பு வச்சி அமுக்கியிருக்கேன்" என்றாள் முப்பிடாதி. பிறகு மெதுவாக, "சொன்னா ஆபரேசனத் தள்ளிப் போட்ருவியன்னுதான் சொல்லல."

தள்ளித்தான் போட்டார். நாலு வாரம்.

சாயங்காலம் சங்கிலிப்பாண்டி ஆஸ்பத்திரி கேட் அருகில் நின்றான். "நாலு மாசமாக் காத்துக் கெடந்து வாங்குன தேதி. நீங்க சொல்லித்தான் நிறுத்துனாவளாமே? இதுக்குள்ள அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" படகில் வரும்போதெல்லாம் அதே கேள்விதான். ஆகிவிட்டால்?

அக்டோபர் 31, வியாழன்

பல் எடுத்தாயிற்று, பெனிசிலின் முடிந்தது. இன்று அவள் ரத்தம் வந்தது. 63, 29! நம்பாமல் நூறுக்குப் பதில் இருநூறு எண்ணினேன். அதேதான். ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அதில் ஏதோ தெரியும் போல. பைத்தியம்.

நவம்பர் 7, வியாழன்

இன்று ஆபரேஷன். தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிய ஸ்லைடுகளையெல்லாம் திரும்ப எண்ண வேண்டியதாயிற்று. மூன்று மணிக்கு முடிந்தது. மூச்சு சீராக இருக்கிறதாம்.

நவம்பர் 10, ஞாயிறு

மூன்றாம் நாள் தாண்டியது.

நவம்பர் 16, சனி

முப்பிடாதி வீட்டுக்குப் போனாள். லேபுக்கு, அதுவும் மாடிப்படி ஏறி, தானே வந்தாள்! "மூச்சு வாங்கலக்கா, பாத்தியளா?" என்று படியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சங்கிலிப்பாண்டி பின்னால் நின்று, "அன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன்" என்றான். நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன் என்றேன்.

அந்தப் பல்லோடு போயிருந்தாலும் பிழைத்திருப்பாளோ? 'ஆபத்து' என்று நான் எழுதிய அந்த டீச்சரும் பிழைத்தவள்தானே? தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. போகட்டும் — படி ஏறினாளே!

1986 ஜனவரி 20, திங்கள்

காலை பத்தரை. இதய வார்டிலிருந்து மூன்று ஸ்லைடு. முதலாவதை எண்ணிக்கொண்டிருக்கும்போது தியேட்டர் நர்ஸ் கதவருகே வந்து நின்றாள்.

"சேச்சி, எண்ணிக் கழிஞ்ஞோ? நாளத்தெ ஆபரேஷன் லிஸ்ட் ஒட்டணம். சேச்சியோட நம்பர் வராம ஒட்ட வேண்டான்னு பௌலோஸ் சார் சொல்லியிருக்கு."

"இன்னும் நாப்பது பாக்கி" என்றேன், கண்ணை எடுக்காமல்.

வாஞ்சிநாதன் சார் எழுந்து அவளுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். நான் மீதி நாற்பதையும் எண்ணி, முதல் நம்பரை எழுதிவிட்டு, அடுத்த ஸ்லைடை எடுத்து வைத்தேன்.