பச்சைக் கோட்டின் வயது

டெஃபெரெக்கன்,
9 அக்டோபர் 1994

அன்புள்ள ரோஸ்விதா,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்குத் தலைவலி வந்தால்கூட எனக்கு எழுத மாட்டாய். என்னையும் இந்த வீட்டையும் விட்டு நீ இன்ஸ்புருக் போய்ப் பழந்துணிக் கடை வைத்து மூன்று வருஷமாகிறது. இத்தனை நாளில் உன்னிடம் ஏதாவது கேட்டிருக்கிறேனா? இப்போது கேட்கிறேன்.

இந்த வருஷம் புனித ஹூபெர்ட் பூசையில் வேட்டைக்காரர்களுக்கு முன்னால் நிற்க என்னைச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கம் உனக்கே தெரியும். எல்லாரும் அவரவர் தாத்தாவின் லோடன் கம்பளிக் கோட்டில்தான் வருவார்கள்; முன்னால் நிற்பவனுக்கு அது கட்டாயம். என் தாத்தா கோட்டு என் அம்மாவின் அலமாரியில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்குமே, அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வேட்டைக் கூட்டத்துச் செவரின் சாராயக் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்: "உங்க வீட்ல தாத்தா கோட்டா? யார்கிட்ட கதை விடுற? விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாடா, பாப்போம்!"

விஷயம் தெரிந்தவள் நீதான். கோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முப்பதுகளில் தைத்தது என்று இரண்டு வரி எழுதிக் கொடு.

வெண்டலின்

-

இன்ஸ்புருக்,
14 அக்டோபர்

வெண்டலினுக்கு,

கோட்டு வந்தது. நல்ல கோட்டு. கம்பளியை நன்றாக மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். மழையில் நாள் முழுக்க நின்றாலும் உள்ளே இறங்காது. முதுகில் ஆழமான மடிப்பு, அக்குளில் காற்றுக்குத் திறப்பு, எல்லாம் முறைப்படி இருக்கிறது. யார் பார்த்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

நான் ஏமாறவில்லை. உள்பைக்கு மேலே கடைப் பெயர் போட்ட பட்டை இருக்கிறதே, அதை ஒருநாளாவது படித்தாயா? லீன்ஸ் என்ற ஊர்ப் பெயருக்கு முன்னால் நான்கு இலக்க அஞ்சல் எண் இருக்கிறது. அந்த எண்கள் இந்த நாட்டுக்கு வந்ததே 1966இல். உள்துணி செயற்கைப் பட்டு. தையல் மெஷின் தையல், நூல் விளக்கில் பளபளக்கிறது. என் கணக்குப்படி 67, 68. தவறினால் ஒரு வருஷம் முன்னே பின்னே.

உன் தாத்தா 44இல் செத்துப்போனார். கல்லறையிலிருந்து எழுந்து வந்து லீன்ஸில் அளவு கொடுத்தாரா?

ரோஸ்விதா

-

டெஃபெரெக்கன்,
18 அக்டோபர்

ரோஸ்விதா,

விளையாடாதே. அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "இது உன் தாத்தாவோடது, கை வைக்காதே" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அம்மா பொய் சொன்னாள் என்கிறாயா?

சரி, நீ சொல்வதே உண்மையாக இருக்கட்டும். அந்தப் பட்டையைப் பிரித்து எடுத்துவிடு. 1935 என்று எழுது. இங்கே எவனுக்கு என்ன தெரியும்? நீ எழுதாவிட்டால் ஊர் முன்னால் என் மானம் போகும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெண்டலின்

-

இன்ஸ்புருக்,
22 அக்டோபர்

வெண்டலின்,

முடியாது. என்னிடம் வருகிறவர்கள் என் வார்த்தையை நம்பித்தான் வருகிறார்கள். அந்த வார்த்தையை உனக்காகக்கூடக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் மானம் என்கிறாய். அங்கே இருந்தபோதே நான் பழந்துணி வாங்கி விற்றேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அந்தச் செவரின் என்னைப் "பழந்துணிக்காரி" என்று சொல்லிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நீ சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பெட்டி கட்டியது அவன் சொன்னதற்காக இல்லை. இதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இனி கோட்டுக்கு வருவோம். கோபத்தில் அதை மறுபடி விளக்கடியில் வைத்தேன். பொத்தான்கள் மான் கொம்பில் கையால் அறுத்தவை, விளிம்பெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. கோட்டில் அந்தத் தேய்மானம் இல்லை. பொத்தான்கள்தான் கிழம், கோட்டு இளசு. அவை நுழைவதற்காகத் துளைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் கையால் தைத்திருக்கிறார்கள். அது யார் கை என்று எனக்குத் தெரியும். என் கல்யாண உடையின் இடுப்பைப் பிரித்து, "இப்படியா தைப்பாங்க, கண்றாவி!" என்று திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாளே உன் அம்மா, அதே தையல்.

அப்படியானால் பழைய கோட்டின் துணி எங்கே? போர் முடிந்த காலத்தில் லோடனை யாரும் வீசியெறியவில்லை. யோசித்துச் சொல்: பள்ளிக்கூடம் போன முதல் குளிர்காலத்தில் நீ என்ன போட்டிருந்தாய்?

ரோஸ்விதா

-

டெஃபெரெக்கன்,
5 நவம்பர்

என் அன்பு ரோஸ்விதா,

உன் கேள்வியைப் படித்ததும் அந்தக் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. பச்சை நிறத்தில் ஒரு கோட்டு. கணுக்கால் வரைக்கும் வரும், பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். பையன்கள் என்னைப் பனியில் தள்ளி உருட்டுவார்கள், ஒரு சொட்டு ஈரம் உள்ளே வராது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. தாத்தாவின் கோட்டை வெட்டி எனக்குத் தைத்துவிட்டு, ஊர் பேசக் கூடாதென்று, பல வருஷம் கழித்துக் கையில் காசு சேர்ந்ததும் வேறொன்று வாங்கி, அதில் அவர் பொத்தான்களை மாற்றி, அலமாரியில் தொங்கவிட்டுவிட்டாள் என் அம்மா.

நீ திருப்பி அனுப்பிய கோட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் செவரின் கையை நீட்டினான்: "எங்கடா பேப்பர்?"

"பேப்பர் இல்ல. இது எங்க தாத்தா கோட்டு இல்ல. உள்பட்டையில அஞ்சல் எண் இருக்கு, அந்த எண்ணே 66லதான் வந்தது. அதை எங்கம்மா வெட்டி எனக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தைச்சாங்க. பொத்தான் மட்டும்தான் அவரோடது," என்றேன். "இதைக் கண்டுபிடிச்சது என் பெண்டாட்டி. பழந்துணிக்காரின்னு சிரிச்சீங்களே, அவதான். அன்னைக்கே நான் எழுந்து கேட்டிருக்கணும். இப்ப கேக்கிறேன். எவனுக்காவது சிரிப்பு வருதா?"

செவரின் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் மனைவி பெர்ட்டா அவன் கோட்டைப் பிடித்து விரித்து உள்பைப் பக்கம் பார்த்தாள். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்: "ஐயோ! இதுலயும் அஞ்சல் எண்ணு இருக்குதே!"

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்குக் கோட்டைக் கழற்றிப் பட்டையைத் தேடினார்கள். ஏழு தாத்தா கோட்டுகளில் தாத்தா காலத்தது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அம்மா கத்தரிக்கோல் எடுத்திருக்கிறாள். கோட்டுகளையெல்லாம் மதில்மேல் போட்டுவிட்டு, குளிரில் பல் கிட்டிக்க, சட்டையோடு பூசைக்கு நின்றோம். முன்னால் நின்றது நான்தான்.

நான் வந்து உன்னைப் பார்க்கலாமா?

உன் வெண்டலின்

-

இன்ஸ்புருக்,
9 நவம்பர்

வெண்டலின்,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, வாங்க வந்தவர்கள் பயந்துபோனார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையை மூட மாட்டேன், டெஃபெரெக்கன் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வரவும் மாட்டேன். இது உனக்குச் சம்மதமென்றால் சனிக்கிழமை வா. கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வா, முன்வாசல் வழியாக வா.

"இவர் யாரு?" என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கொள்.

உன் ரோஸ்விதா