நான் கேட்காத கேள்வி

அன்பு மகனுக்கு,

இன்று வியாழன், காலை பதினொன்றரை மணி நிலவரம்: எங்கள் பத்திரிகையின் ஐம்பதாம் ஆண்டு மலரில் எண்பத்து நான்காம் பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஆனால் அதன் மூன்றாவது பத்தியில் அந்த அம்மாவின் பெயர் அப்படியே இருக்கிறது. பக்கம் அமைக்கும் பெண் திரையைப் பார்த்துப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். மற்றபடி வீட்டில் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை, மாடிப்படி ஏறும்போது முனகல் கேட்கவில்லை என்பதை வைத்து நானே எழுதுகிறேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வேளைக்குச் சாப்பிடு.

நேற்று போனில் நீ “அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு” என்று ஆறு தடவை சொன்னாய், கேட்டேன். இப்போது நான் சொல்வதை நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், அதனால் தாளில் எழுதுகிறேன். இதையும் படமெடுத்து அதற்குள் போட்டுவிடாதே.

போன விடுமுறையில் நீ வந்து, என் அறுபத்தோரு குறிப்பு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏஐ உதவியாளரிடம் ஏற்றிக் கொடுத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது உனக்கே தெரியும். எந்த வருஷம் எந்தப் பாலம் இடிந்தது என்று கேட்டால் நோட்டு எண்ணோடு பக்க எண்ணோடு சொல்லும். என் கையெழுத்தை நானே படிக்க முடியாத இடத்தில் அது படித்தது. அப்பா தன் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தார் என்று அதனிடம் கேட்டு, “உங்கள் ஆவணங்களில் அந்தத் தகவல் இல்லை” என்று பதில் வாங்கினார். “உங்க அம்மாவ விட மரியாதையாப் பேசுதே” என்று உன்னிடம் சொன்னாரே, ஞாபகமிருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அதைத் திறந்தேன். பழைய உரையாடல்களின் பட்டியலில் நான் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. “தண்ணீர்ப் பரிசோதனைச் செய்திக்குத் தகவல் கொடுத்தது யார்?” கீழே பதில். முப்பத்தெட்டாம் நோட்டு, இருபத்திரண்டாம் பக்கம்: ‘குடைக்காரி நகல் கொடுத்தார்’. பச்சை முகவரி நோட்டு, ஒன்பதாம் பக்கம்: ‘குடை’ என்ற குறிப்புக்கு எதிரே பெயர், தெரு, வீட்டு எண். இரண்டும் ஒருவராக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. நான் எடுத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரி.

நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் குறிப்பு நோட்டு அலுவலக மேசையில், முகவரி நோட்டு வீட்டில் தையல் பெட்டிக்கு அடியில். ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு மற்றொன்று கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் பூட்டு. ஓய்வு பெற்ற அன்று இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கியது நான். நீ “எல்லாத்தையும் எடுத்துக்கவா?” என்றபோது சமையலறையிலிருந்தே “எடுத்துக்கோ” என்றதும் நான். இந்தப் பங்கு என்னுடையது, உன் தலையில் போட மாட்டேன். ஆனால் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தது நீ.

கேள்விக்கு மேலே கேட்டவர் பெயர் இருந்தது, நம் பேனா மாமா. அவரைப் போனில் கூப்பிட்டேன். பத்தொன்பது வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மனிதர், இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பித் தராதவர் என்பதைத் தவிர அவர் மேல் எனக்குப் புகாரே இருந்ததில்லை. “நான் என்ன பூட்டையா ஒடச்சேன்? உங்க பையன்தான் கொடுத்தான். மலர்ல உங்களப் பத்தி ஒரு அத்தியாயம், உங்களுக்குத் தெரியாம வரட்டும்னு மூணு பேரும் பேசி வச்சோம். இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் என்னங்க ரகசியம்? பேர் போட்டா அந்தம்மாவுக்கும் மரியாதைதானே” என்றார். மூன்று பேர் என்றால் மூன்றாவது யார் என்று திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார், தலைகீழாக. மூன்று வாரமாக என் வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பரிசு கொடுப்பதற்காக, நான் யாரிடமும், உன் அப்பாவிடம்கூட, சொல்லாத ஒரே பெயரை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த அம்மா தண்ணீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கெட்ட தண்ணீரைக் குடிக்கத் தகுந்தது என்று பொய்ச் சான்றில் கையெழுத்துப் போட்டு, நான் எழுதிய செய்தியால் வேலையிழந்தாரே ஓர் அதிகாரி, அவர் இவருடைய கூடப்பிறந்த அண்ணன். இன்றுவரை இவர் இருப்பது அந்த அண்ணன் வீட்டில். காட்டிக்கொடுத்தது அலுவலகக் காவலாளி என்று நம்பி, அண்ணன் அந்த மனிதரின் முகத்தில் விழிப்பதில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், கொடுக்கக் கூடாது என்பதாவது தெரிந்திருக்கும்.

நேற்று மதியம் போனேன். வாசலிலேயே “அண்ணன் தூங்குறார், மெதுவாப் பேசுங்க” என்றார். சொன்னேன். வெகுநேரம் கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார். பிறகு “உங்க பையனுக்கு என்ன வயசு?” என்றார். முப்பத்தொன்று என்றேன். “அப்ப, தெரியாமப் பண்ணிட்டான்னு சொல்லாதீங்க.” நான் சொல்லவில்லை. சனிக்கிழமை அண்ணனுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. இப்போது தெரிந்தால் அவர் ஆஸ்பத்திரிக்கே வர மாட்டாராம். “ஞாயித்துக்கிழம கட்டுப் பிரிப்பாங்க. என் மூஞ்சியப் பாத்துட்டே கேக்கட்டும், நானே சொல்லிக்கிறேன். புத்தகத்துல பாத்துத் தெரிய வேணாம்” என்றார். காவலாளியைப் பற்றியும் சொல்லிவிடப் போகிறாராம்.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது கேட்டதற்குப் பதில் சொன்னது, அதனிடம் யாரும் வாக்குக் கேட்டுக் கை நீட்டவில்லை. நீ என் மகன். “மாமா நம்ம வீட்டு மனுஷர்தானேம்மா” என்றாய். அந்த நோட்டுகளில் இருப்பவர்கள் நம் வீட்டு மனிதர்கள் இல்லை, அவர்கள் என்னை நம்பி வந்தவர்கள். மாமாவுக்குக் கொடுத்த அனுமதியை நீ நேற்று மாலை எடுத்துவிட்டதாகச் சொன்னாய். சரிபார்த்தேன், எடுத்திருக்கிறாய். உன் வார்த்தையைச் சரிபார்த்தது இதுதான் முதல் தடவை.

என் கோபம் எப்போது தீரும் என்று என்னிடம் தகவல் இல்லை. ஆசிக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உடம்பும் மனசும் குறைவின்றி, செய்த வேலையில் நல்ல பெயரோடு நீ நீண்ட காலம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அந்த அம்மாவின் வீட்டு முகவரி இப்போது உனக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டு அவருக்கு எதுவும் எழுதாதே.

இது உன் கைக்கு வருவதற்குள் முடிந்திருக்கும், இப்போதைக்கு முடியாதவை இரண்டு. பெயரை எடுப்பதா என்று மலர்க் குழு திங்கள் நண்பகல் முடிவு செய்யும். பெயரை எடுக்கச் சம்மதம் என்று மாமா இன்னும் வாக்குத் தரவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பேன். அந்த அம்மா கூப்பிட்டால் உள்ளே போவேன், கூப்பிடாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா