உப்பு டப்பாவும் உன் அப்பாவும்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இந்த முறை மறுக்கிறது. உன் அப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுதான் வந்தார். பயப்படாதே, இப்போது தேவலை, வந்ததும் வராததுமாக மின்விசிறி ஏன் கத்துகிறது என்று என்னிடம் கத்தியாகிவிட்டது. போனில் சொன்னால் நான் பொரிந்து தள்ளுவேன், நீ வாயைத் திறக்க மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பிரஷருக்காகச் சமையலில் உப்பைக் குறைத்ததிலிருந்து அவருக்கு நாக்கு செத்துப்போயிற்று. போன தடவை வந்தபோது அவர் போனில் ஒரு சாட்பாட் போட்டுக் கொடுத்து, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாயே, அதனிடம் "பிரஷர் இருக்கிறவங்களுக்கு ஆகிற உப்பு ஏதாவது இருக்கா" என்று கேட்டிருக்கிறார். பொட்டாசியம் உப்பு நல்லது என்று அது வரிசையாக விளக்கியிருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் இவர் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்குகிற ரகம். அதை இவர் சொல்லவில்லை, அது கேட்கவுமில்லை. ஒரு டப்பா வாங்கிவந்து, பழைய செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளித்து, இரண்டு வாரமாக எனக்குத் தெரியாமல் தட்டில் தூவியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவர் கால் துவண்டு குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நாடியைப் பிடித்தால் ஒன்று அடிக்கிறது, நிற்கிறது, யோசித்து இன்னொன்று அடிக்கிறது. "ரத்தத்துல பொட்டாசியம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா இதயமே நின்னிருக்கும்மா" என்றார் டாக்டர்.

இருபத்தெட்டு வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவள் நான். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்காமல் ஒருவருக்கும் ஒரு அட்டை கொடுத்ததில்லை. என் வீட்டு மனுஷன் அடுத்த அறையில் இருக்கிற என்னை விட்டுவிட்டுப் போனைக் கேட்கிறார்! ஆஸ்பத்திரியில் வைத்து மாத்திரைப் பெயர்களை அதில் தட்டினேன். மன்னிக்கவும், அந்த உப்பைத் தவிர்க்க வேண்டும் என்று உடனே பல்டி. அந்தப் பணிவைப் பார்த்து வந்த ஆத்திரத்தில் போனை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன், உன் அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

என்னை ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ திட்டுவே, அது திட்டாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊராருக்கெல்லாம் பொறுமையாகச் சொன்ன வாய் இவரிடம் மட்டும் எரிந்து விழுந்திருக்கிறது. இதை அவரிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் மேல் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ தினமும் சாப்பிடும் வலிப்பு மாத்திரையோடு சளி மருந்து சேரலாமா என்று நீயும் அந்தச் சாட்பாட்டைத்தான் கேட்டாயாம், மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அங்கேயும் மருந்துக்கடை உண்டு, கவுண்டருக்குப் பின்னால் படித்தவர் ஒருவர் நிற்கிறார், நடந்து போய்க் கேள். கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடு. திட்டுவேன்தான், ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் உன்னை நாலு கேள்வி கேட்பேன்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். நீ சாப்பிடும் மாத்திரை அட்டை அத்தனையையும், பெயர் தெரிகிறமாதிரி, இன்றைக்கே படமெடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா