பிரபுவின் தீமில் என் யானைகள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஃபர்ஸ்ட் ஷிப்ட். மூக்கண்டப்பள்ளி முழுக்கச் சேறு. ஷூ கழுவ வேண்டும்.

வீட்டுக்குள் நுழைகிறேன், செல்வி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டு. "ஏங்க, பிரபு கேன்டீன் சாம்பாரைப் பத்தி எழுதியிருக்காரு, படிச்சீங்களா? எப்படித்தான் இப்படி எழுதறாரோ!"

பிரபு என் செக்‌ஷனில் மெஷின் ஆபரேட்டர். தூத்துக்குடிக்காரன், என்னைவிட எட்டு வயது சின்னவன். சொந்தமாக பிளாக் வைத்திருக்கிறான். நான் பதினோரு வருடமாக நோட்டில் எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் ஒன்றை என் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டாள்.

வயிறு எரிகிறது. வேறு சொல் தேடப் போவதில்லை. அவன் பேரை முழுதாக எழுதக்கூடக் கை வரவில்லை. இனி பி. போதும்.

நவ. 5, புதன்

மழை இல்லை. வெட்கத்தை விட்டு பி.யிடமே கேட்டேன். "அதுக்கென்னண்ணே" என்று தன் பிளாக் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். சொல்லியும் கொடுத்தான், டீ வாங்கிக் கொடுத்து. கட்டுரையைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எழுதினால் போதும். ஒரு கட்டளை தட்டினால் எல்லாம் பக்கங்களாகிவிடும். அவை எப்படித் தெரிய வேண்டும் என்பது தீம் என்ற வடிவமைப்பின் பொறுப்பு. கெட்டவனாக இருந்து தொலைத்தாலாவது எனக்கு நிம்மதி.

செல்விக்குச் சொல்லவில்லை. லேப்டாப்பைப் பார்த்து, "கம்பெனி வேலையா?" ஆமாம் என்றேன்.

மாற்ற வேண்டியவை: தலைப்பு. நிறம் (அவனுடைய நீலம் வேண்டவே வேண்டாம்). எழுத்துரு. மெனு. அவன் கட்டுரைகளை அழிப்பது. கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது.

நவ. 6, வியாழன்

பச்சை வைத்தேன். ஆஸ்பத்திரிச் சுவர். மெரூன், கல்யாணப் பத்திரிகை. கடைசியில் நீலம்தான். அவனுடையதைவிடக் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவே.

புது எழுத்துருவில் கீ, மீ எல்லாம் மேல் வரியில் இடித்தன. வரி இடைவெளியைக் கூட்டினேன், சரியானது. பி.யின் பிளாக்கில் இன்னமும் இடிக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது.

கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

நவ. 7, வெள்ளி

பனி. கம்பெனி பஸ் சானமாவு காட்டோரம் நின்றுவிட்டது. யானைகள். ஏழு எண்ணினேன். டிரைவர் கன்னடக்காரர், லைட்டை அணைத்துவிட்டு "சும்னிரி, சும்னிரி" என்று எல்லோரையும் அடக்கினார். பஸ்ஸில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. குட்டி ஒன்று மட்டும் நடுரோட்டில் நின்று எங்களையே பார்த்தது. நாங்கள்தான் ஏதோ விசித்திரம் என்பதுபோல. பெரியது ஒன்று திரும்பி வந்து அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. பி. எனக்கு இரண்டு சீட் முன்னால். வாயைப் பிளந்து தூக்கம். கடைசிவரை எழவில்லை.

வீட்டில் செல்வியிடம் சொன்னேன், ஒன்று விடாமல், குட்டி வரை. கீரை ஆய்ந்துகொண்டே "ம்" என்றாள். பிறகு, "தேங்கா வாங்கிட்டு வந்தீங்களா?"

உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஒரே மூச்சில்.

நவ. 9, ஞாயிறு

ஏற்றியாயிற்று. தலைப்பு, நிறம், வரி எல்லாம் பார்த்தேன். அழகு. பஸ் குரூப்பில் வெறும் லிங்க் மட்டும் போட்டேன், வேண்டுமென்றே ஒரு வார்த்தை எழுதவில்லை. யார் மூலமாவது செல்விக்குப் போகட்டும். தானே படித்து, தானே கண்டுபிடிக்கட்டும்.

குரூப்பில் ஒரே கைதட்டல். ஸ்டோர்ஸ் ராஜா மட்டும், "முருகேசன் அண்ணனுக்குப் பெரிய மனசு" என்று போட்டிருக்கிறார். என்னைத்தான். என்ன பெரிய மனசு? புரியவில்லை. மதியம் கோழி.

நவ. 10, திங்கள்

"ஏங்க, பிரபு யானையப் பத்தி எழுதியிருக்காரு. அந்தக் குட்டி நின்னு பாக்குற எடத்துல எனக்கு அழுகையே வந்திருச்சு. நீங்களும் அந்த பஸ்லதான இருந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கட்டுரைக்கு அடியில், வட்டத்துக்குள் அவன் படம். "எழுதியவர்: பிரபு. மெஷின் ஆபரேட்டர், டீ பிரியர்." அவன் கொடுத்த ஃபோல்டரின் கான்ஃபிக் ஃபைலில் எழுதியவர் பேருக்கு ஒரு வரி இருக்கிறது. மாற்றவே இல்லை. நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தினமும் காலை ஃபர்ஸ்ட் பீஸை நான் நாலு பக்கமும் அளந்து கையெழுத்துப் போட்டால்தான் லைன் ஓடும். என் சொந்த ஃபர்ஸ்ட் பீஸின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்து மயங்கிக் கிடந்தேன், மடையன்.

அங்கேயே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எழுதியது என்று தெரிந்தால் அந்த முகம் "ம்" ஆகிவிடுமோ என்று பயம்.

நவ. 11, செவ்வாய்

பி. என் டேபிளுக்கு வந்தான். "அண்ணே, நேத்தே சொல்லிருக்கணும். எல்லாரும் வந்து கை குடுத்தாங்க. ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டுட்டேன். நான் தூங்கிட்டுல்லா இருந்தேன். படிச்சப்புறம், முழிச்சிருந்திருக்கலாமேன்னு இருந்திச்சு."

கோபம் வர வேண்டும். வரவில்லை. அவனுக்கு என் கட்டுரை மேல் ஆசை! நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டே அளந்தேன்.

செல்வி அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜையும் எனக்குத் தள்ளிவிட்டான். "இது உங்களுக்கு வந்ததுண்ணே. மைனிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

பஸ்ஸில் காதோடு வைத்து நாலு தடவை கேட்டேன். என்னிடம் ஒரே விஷயத்தைப் பற்றி அவள் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நாலு தடவையும் "பிரபு தம்பி" என்றுதான் ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை. அவன் பேரை எடுத்துவிட்டு என் பேர். அவன் படத்தை எடுத்துவிட்டு என் பாஸ்போர்ட் போட்டோ. மறுபடி ஏற்றி, நாலு பக்கமும் சரிபார்த்து, செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்த யானைக் கட்டுரையை எனக்கு ஒரு தடவை காட்டு."

திறந்தாள். கீழே வரை தள்ளினாள். விரல் நின்றது.

"ஐயோ, இங்க பாருங்க, பேரு தப்பா விழுந்திருக்கு. உங்க பேரும் போட்டோவும் வந்திருக்கு. பிரபுக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்க. பாவம், பாத்தா சங்கடப்படுவாரு."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.